கும்பத்துக்குத் திரும்பிய சனி

சனி திரும்பிப் போய்விட்டது என்று உஷாராணி வந்து என் வீட்டு கிரில் கதவை உலுக்கியபோது நான் கோழிக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். காலை வேன் ஓட்டத்தை முடித்துவிட்டு நேராக மேலே வந்திருக்கிறாள். கையில் போன். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"டோரிஸ்க்கா, மறுபடியும் கும்பத்துக்கே போய்ட்டான்க்கா."

"யாரு போனா?"

"சனிதான் லா! போன வாரம் வரைக்கும் மீனத்துல இருந்தான். இப்பப் பாருங்க, அக்வேரியஸ்னு காட்டுது."

போனை என் சமையலறைத் தரைக்கு நேராகப் பிடித்தாள். நட்சத்திரம், கிரகமெல்லாம் காட்டுகிற ஆப் அது. பகல், மேகம், கூரை, தரை எதையும் அது சட்டை செய்யாது. எந்தப் பக்கம் பிடிக்கிறோமோ அந்தப் பக்கத்து வானத்தைக் காட்டிவிடும். என் தரை ஓடுகளுக்கு அடியில், பூமிக்கு அந்தப் பக்கத்தில், வளையம் போட்ட ஒரு சின்ன உருண்டை நின்றது. விரலால் தட்டினால் அது எந்த நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கிறது என்று கீழே எழுத்து வரும். அக்வேரியஸ்தான் வந்தது.

"சரி, அதுக்கு என்ன இப்ப?"

"என்னவா? அடுத்த வாரம் எனக்குக் கண்ணு ஆப்பரேஷன். நான் போகப் போறதில்ல."

அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் இதை நான் நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

உஷாராணிக்கு ஐம்பத்து நான்கு வயது. கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியில் எனக்கு எதிர்வீடு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவள் வேன் ஆன்டி. அவளுக்கு ஹார்னே தேவையில்லை. கீழே நின்று "நடாலீ!" என்று ஒரு சத்தம் போட்டால் ஆறாவது மாடியில் என் பேத்தி வாயில் பாதி ரொட்டியோடு லிஃப்டுக்கு ஓடுவாள். எந்தப் பிள்ளைக்கு வளைவில் வாந்தி வரும், எந்தப் பிள்ளை வீட்டில் நேற்று சண்டை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எனக்கு டெங்கி வந்தபோது என் மகன் மார்வின் ஷா ஆலமில் ஃபேக்டரி ஷிப்டில் மாட்டிக்கொண்டான். என்னைத் தோளில் தாங்கிக் கீழே இறக்கி, அதே வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பேரைப் பதிகிறவளிடம் எனக்காகச் சண்டையும் போட்டவள் உஷாதான். அவளை நான் திட்டினால் அது என் உரிமை. மற்றவர்கள் திட்டினால் எனக்குப் பிடிக்காது.

அவள் கணவர் நாகையா லோரி ஓட்டினார். பிள்ளைகள் இல்லை. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் குடலிறக்கம் என்று ஆப்பரேஷனுக்குப் போனார். "ரெண்டு நாள்ல வந்துருவேன், கருவாட்டுக் குழம்பு வெச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் மயக்கத்திலிருந்து எழவே இல்லை. இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். காரியம் முடிந்த அன்று உறவுக்காரர் ஒருவர் சாவகாசமாக வெற்றிலையை மடித்தபடி, "ரிஷப ராசி, எட்டுல சனி இருக்கு. அஷ்டமச் சனி நேரத்துல யாராச்சும் உடம்புல கத்தி வைப்பாங்களா? நீயாச்சும் பாத்திருக்க வேணாமா?" என்று கேட்டார். கேட்டவர் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் உஷாவோடு தங்கிவிட்டது.

நாங்கள் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள். ராசி நட்சத்திரமெல்லாம் பார்ப்பதில்லை. ஆனால் வீடு வாங்கும்போது பதிமூன்றாம் நம்பர் வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றவர் என் வீட்டுக்காரர். அதனால் மற்றவர்கள் பயத்தைப் பார்த்து நான் சிரிக்கிறதில்லை.

உஷாவுக்கு ரொம்ப நாளாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. மாத்திரையை நினைத்தால் போடுவாள், சீனி தூக்கலான தே தாரிக் டீயை மட்டும் நினைக்காமலே குடிப்பாள். போன வருஷம் கண் மங்க ஆரம்பித்தது. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிகிறது, இடது கண் மோசம், சீக்கிரம் ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் கடக ராசி. அப்போது சனி கும்பத்தில். விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் கடகத்துக்குக் கும்பம் எட்டாவது வீடு. நாகையாவைக் கொண்டுபோன அதே அஷ்டமச் சனி இப்போது தன் தலைமேல் என்று அவளுக்கு ஆகிவிட்டது. சனி மீனத்துக்குப் பெயரட்டும், அப்புறம் கத்தி வைக்கலாம் என்று முடிவு செய்தாள்.

சரி, எப்போது பெயரும்? அதில்தான் வம்பு. திருக்கணிதப் பஞ்சாங்கம் பார்க்கிற கோயில் 2025 மார்ச்சில் சனிப்பெயர்ச்சி என்று பேனர் கட்டியது. வாக்கியப் பஞ்சாங்கம் பார்க்கிற கோயில் அதெல்லாம் இல்லை, 2026 மார்ச்சில்தான் என்றது. ஒரே சனி, ஒரே கிள்ளான், நடுவில் ஒரு வருஷம்! வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு கட்சி ஆட்களும் அடித்துக்கொண்டார்கள். உஷாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இவனுங்க சண்டை போட்டுக்கட்டும். சனி வானத்துலதானே இருக்கான்? நானே பாத்துக்குறேன்" என்று அந்த ஆப்பை இறக்கினாள். அதில் காட்டுவதெல்லாம் சரியா என்று மார்வினிடம் கேட்டாள். அவன் பெருமையாக, "இது சயன்ஸ் ஆன்டி. நம்பலாம்" என்றான். என் மகன் வாயை நான் அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. கிள்ளானில் நட்சத்திரம் எங்கே தெரிகிறது? மேகம், புகை, துறைமுகத்து விளக்கு. இவள் சோபாவில் படுத்துக்கொண்டு போனை மின்விசிறிக்கு நேராகப் பிடிப்பாள், வியாழனும் அதன் நிலாக்களும் வந்துவிடும். இன்னொரு ஆப்பில் கிரகத்துக்குப் பக்கத்திலேயே போய்ச் சுற்றிப் பார்க்கலாம். சனியின் வளையத்தை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டாள்: "இவ்ளோ அழகா இருக்கானே, இவனாக்கா நம்மளப் போட்டு இந்தப் பாடு படுத்துறான்?" பள்ளி விட்டு எல்லாப் பிள்ளைகளும் வந்து சேரும்வரை, வேனில் முதலில் ஏறியவர்களுக்கும் காட்டுவாள். பாதிப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் ஆனதும் செவ்வாய்க்கே வேன் ஓட்ட ஆசை.

ஏப்ரலில் ஒருநாள் சனியைத் தட்டினால் பிசிஸ் என்று வந்தது. பிசிஸ் என்றால் மீனம். கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு அங்கிருந்தே கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே வரிசை நீளம். தேதி அக்டோபரில்தான் கிடைத்தது. அவள் அதையும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாள். அந்தத் தேதிக்கு முந்தின வாரம்தான் சனி பின்னால் நகர்ந்து மறுபடி அக்வேரியஸில் நின்றது.

அன்று மாலை மார்வினை உட்கார வைத்துப் பேச வைத்தேன்.

"ஆன்டி, கிரகம் பின்னால போற மாதிரி தெரியும், அவ்ளோதான். அப்புறம், இந்த ஆப்புல இருக்கிற கோடு வேற. விஞ்ஞானிங்க வானத்தை நாடு நாடா பிரிச்சு எல்லை போட்டு வெச்சிருக்காங்க. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. உங்க ராசி பன்னெண்டும் சமமா வெட்டினது. இந்த அக்வேரியஸ் வேற, உங்க கும்பம் வேற. பேருதான் ஒண்ணு."

"சயன்ஸ்னு நீதானே சொன்ன? நம்பலாம்னு நீதானே சொன்ன?"

"அது சயன்ஸ்தான் ஆன்டி, ஆனா..."

"மீனம்னு காட்டினப்ப யாரும் ஆனா போடலையே. இப்ப மட்டும் ஏன் ஆனா?"

மறுநாள் அவளைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரு மெதடிஸ்ட் பொம்பளை குருக்களிடம் போய் நியாயம் கேட்டதை எங்கள் பாஸ்டர் அறிந்தால் என்ன சொல்வாரோ. குருக்கள் நல்ல மனிதர். "எங்க கணக்குப்படி மார்ச்சுலயே பெயர்ந்தாச்சும்மா. அப்படியே பெயரலைன்னாலும் கண்ணுக்கு வைத்தியம் பாக்குறதுக்கு சனீஸ்வரன் கோவிச்சுக்க மாட்டார். தைரியமா போங்க, உங்க பேர்ல நான் அர்ச்சனை பண்றேன்" என்றார்.

வெளியே வந்ததும் உஷா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அவரு ஏட்டைப் பாத்து சொல்றாரு. நான் நேர்ல பாத்தேன்க்கா."

குருக்களே போகச் சொல்கிறார், போன் விடமாட்டேன் என்கிறது. தேதி போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள்.

பிறகு ஒருநாள் நடாலி சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பாட்டி, வேன் ஆன்டி இப்ப புது கேம் விளையாடுறாங்க. ஒவ்வொருத்தரும் ஏறும்போது பேரைச் சத்தமா சொல்லணும். சொல்லாட்டி ஏத்த மாட்டாங்க. நான்கூட சொல்லணும்!"

பிள்ளைக்கு அது விளையாட்டு. என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. முகம் தெரியாமல் பேரைக் கேட்டு ஆளைத் தெரிந்துகொள்கிறவள் கூட்டரசு நெடுஞ்சாலையில் லோரிகளுக்கு நடுவே பிள்ளைகளை வைத்து வேன் ஓட்டுகிறாள். நான் எழுந்து நேராக எதிர்வீட்டுக்குப் போனேன்.

"சாவியைக் கொடு."

"எந்தச் சாவி?"

"நடிக்காத உஷா. என் பேத்தி முகம் உனக்குத் தெரியுதா இல்லையா?"

நான் கொஞ்சமும் இரக்கம் பார்க்கவில்லை. "ஒரு பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அப்பவும் சனி மேல பழி போடுவியா?" என்று கேட்டேன். அது அவளை நன்றாகவே குத்தியது. சாவியை மேசைமேல் வீசினாள்.

"எடுத்துட்டுப் போங்க. இந்த வீட்டுப் பக்கம் இனி வராதீங்க."

வேனை அவள் கொழுந்தன் மகன் பிரவின் ஓட்ட ஆரம்பித்தான். உஷா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். எதிர்வீட்டில் அவள் சுவரைத் தடவி நடப்பது எனக்குக் கேட்கும். ஒருநாள் ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். எனக்கும் ரோஷம் இருந்தது, என்ன செய்ய.

நவம்பரில் ஒரு மதியம் அவளே வந்தாள். கிரில்லை உலுக்கவில்லை. கைப்பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இந்தப் போன்ல எழுத்து சின்னதாயிருச்சு. கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

எழுத்து எப்போதும் போலத்தான் இருந்தது. அவளை உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தேன். போனை வாங்கித் தரைக்கு நேராகப் பிடித்து, அவள் செய்கிற மாதிரியே மெல்லத் திருப்பினேன். சனி இன்னும் எழும்பவில்லை, என் மேசைக் காலுக்கு அடியில் எங்கோ கிடந்தது. தட்டினேன். அக்வேரியஸ்.

உஷா என் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள். என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதுகூட அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"பிசிஸ்" என்றேன்.

"நிஜமாவாக்கா?"

"நிஜமாத்தான். மீனத்துக்குப் போய்ட்டான்."

பைபிள்மேல் கை வைக்கச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ. அவள் அதெல்லாம் கேட்கவில்லை. டோரிஸ் அக்கா வாய் நீளம், ஆனால் பொய் சொல்ல மாட்டாள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. மேசைமேல் தலையைச் சாய்த்து அழுதாள். "ரொம்பப் பயந்துட்டேன்க்கா. விடிஞ்சிருச்சான்னுகூடத் தெரியாம கெடந்தேன். நீங்க மட்டும் பேசாம இருந்துட்டீங்க." நானும் அழுதேன். அழுதுகொண்டே மார்வினுக்குப் போன் போட்டு உடனே காரை எடுத்து வரச் சொன்னேன். அவள் வேறு யாரிடமாவது அந்தப் போனை நீட்டிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

கண் டாக்டர் கௌசல்யா சின்னப் பெண். விளக்கைப் போட்டு நெடுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் குரலில் கோபம் இருந்தது.

"அக்டோபர்ல வந்திருந்தா ரெண்டையும் பாத்திருக்கலாம் ஆன்டி. இடது கண்ணுல விழித்திரை பிஞ்சு வந்திருக்கு. முடிஞ்சத செய்றேன், சத்தியம் பண்ண முடியாது. வலது கண்ணைக் காப்பாத்திரலாம். இதுக்கு மேல ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க."

"அதான் இப்ப நல்ல நேரம் வந்துருச்சே டாக்டர். செய்யுங்க" என்றாள் உஷா. சிரித்தபடியே உள்ளே போனாள்.

கட்டு அவிழ்த்த அன்று வலது கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்கு இவ்ளோ நரை வந்துருச்சா?" என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டினாள். இடது கண்ணில் வெளிச்சம் வரவில்லை. இனி வராது என்று பிறகு சொன்னார்கள். அதைக் கேட்டு அவள், ஒண்ணாவது இருக்கே என்றாள். கிறிஸ்துமஸுக்கு என் வீட்டில் உட்கார்ந்து நான் வெட்டிக் கொடுத்த சின்னக் கேக் துண்டைப் பார்த்து, "இது கேக்கா, தூளா?" என்று கேட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் ஒரு காலை கதவைத் திறந்தால் உஷா நிற்கிறாள். தட்டவே இல்லை. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"இன்னைக்குத்தான்க்கா மீனத்துக்குள்ள போயிருக்கான்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"இந்த ஆப்புல தேதியப் பின்னால தள்ளிப் பாக்கலாம். பாத்தேன். ஆப்பரேஷன் அன்னைக்குக் கும்பத்துலதான் இருந்தான். நீங்க படிச்சுச் சொன்னீங்களே, அன்னைக்கும் கும்பத்துலதான்."

மழுப்பலாம் என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு வெட்கமாக இருந்தது.

"ஆமா. பொய்தான் சொன்னேன். இல்லேன்னா நீ போயிருக்க மாட்ட. குருடாயிருப்ப."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். ஆறு மாடிக்குக் கேட்கிற அந்தத் தொண்டையிலிருந்து மெல்லிய குரல்தான் வந்தது.

"ரெண்டு மாசம்க்கா. இன்னும் ரெண்டே மாசம் பொறுத்திருந்தா என் ரெண்டு கண்ணும் வந்திருக்கும்."

"உஷா! டாக்டர் என்ன சொன்னாங்க? உன் காதுலதானே சொன்னாங்க? நீ தள்ளிப் போட்டதாலதான் அந்தக் கண்ணு போச்சு!"

"அவரு செத்தப்பவும் டாக்டருங்க ஒரு காரணம் சொன்னாங்க." சொல்லிவிட்டு இடது கண்ணைக் கையால் மூடினாள். மூடினாலும் திறந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். "நான் உங்கள நம்பிக் கொடுத்தேன்க்கா. கண்ணு தெரியாதவ கையில இருந்து வாங்கிப் பொய் படிச்சிருக்கீங்க."

நன்றிகெட்டவளே என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"அடுத்த மாசம் வலது கண்ணுக்கு லேசர் இருக்கு" என்றேன் கடைசியில். "நான் கூட வரேன்."

"நீங்க வர வேணாம். எப்பப் போகணும்னு நானே பாத்துக்குறேன்."

தன் வீட்டு வாசலில் நின்று போனைத் தரைக்கு நேராகப் பிடித்தாள். மெல்லத் திருப்பினாள், விரலால் தட்டினாள். கீழே வந்த எழுத்தை, யார் உதவியும் இல்லாமல், அந்த வலது கண்ணால் தெளிவாகப் படித்தாள்.